நாலடி மெஷினும் ஆறடி அண்ணனும்

திக்லிபூர்
9-9-2024

ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் திரு. தேவேந்திரன் அவர்களுக்கு,

மங்கையர்க்கரசி எழுதுவது. இனி உங்களோடு பேசமாட்டேன் என்று ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி போனில் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. எழுதமாட்டேன் என்று சொல்லாததால் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் எழுத்தில் வைத்துவிடுகிறேன். இல்லையென்றால், "நான் எப்ப அப்படிச் சொன்னேன்" என்பீர்கள். என் வீட்டுக்காரர் விட்டுப்போன பத்து ஏக்கர் பாக்குத் தோட்டத்தை ஐந்து வருஷக் குத்தகைக்கு விடுவதாக, பாக்கு வியாபாரி சுதாகருக்கு நீங்கள் வண்டூரில் உட்கார்ந்துகொண்டு ஜபான், அதாவது வாக்கு, கொடுத்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. அந்த ஆள் டேப்போடு வந்து என் கிணற்றை அளந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

"அக்கா, இடுப்பு உசரம் புல் நிக்குது. விழுற பாக்குல பாதி அதுக்குள்ளயே அழுகுது. தனியா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து வங்காளி பிஸ்வாஸ் தாதாவும் அவர் சம்சாரமும் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "பொங்கலுக்குள்ள பத்து ஏக்கரும் புல்லை இறக்கிக் காட்டறேன். ஒரு மூலை பாக்கி இருந்தாலும் நானே கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். இது நானே கொடுத்த ஜபான். தவற மாட்டேன்.

தோளில் மாட்டும் மெஷினை வைத்துக்கொண்டு புல் வெட்ட இங்கே ஆள் இல்லை. இருந்த இரண்டு பேரும் ஹேவ்லாக் தீவில் டூரிஸ்ட் படகு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ஃபிளெய்ல் மோவர் வாங்கப் போகிறேன். உள்ளே ஓர் இரும்பு உருளை, அதில் வரிசையாகத் தொங்கும் இரும்புத் துண்டுகள். உருளை சுற்றினால் அவை புல்லை அடித்துத் தூளாக்கி அங்கேயே பரப்பிவிடும். அந்தமானுக்கு அது மெயின்லேண்டில் இருந்துதான் வர வேண்டும். கப்பல் சரக்கை ஜெட்டியில் இருந்து வெளியே எடுக்க உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இது பாராட்டு இல்லை, தகவல்.

பதிலை திக்லிபூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி


வண்டூர்
14-9-2024

அன்புத் தங்கச்சி மங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. முப்பது வருஷ சர்வீஸில் எனக்கு யாரும் 'திரு' போட்டதில்லை. மெமோ கொடுத்தால்கூட வெறும் பேர்தான். உன் அண்ணி வைஜெயந்தி அந்தக் கவரை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். "பாருங்க, கூடப் பிறந்தவளே எவ்வளவு மரியாதையா காறித் துப்பியிருக்கா" என்று விளக்கமும் சொல்கிறாள்.

ஜபான் விஷயத்தில் என் தரப்பையும் கேள். சுதாகர் வெறுங்கையோடு வரவில்லை. நாலு சேற்று நண்டு கொண்டுவந்தான், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. நண்டு சாப்பிடும் மனிதனுக்கு வாயும் கையும் ஒழியாது, தலை மட்டும்தான் சும்மா இருக்கும். அந்த நேரம் பார்த்து அவன் கேள்வி கேட்டான், நான் தலையை ஆட்டினேன். ஓட்டை உடைத்து முடிப்பதற்குள் குத்தகை பேசி முடிந்துவிட்டது. நீ தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறாயே என்ற கவலையும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவலை நண்டுக்கு அப்புறம்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் வேலையை எனக்கே விட்டுவிடு. ஏற்கெனவே சென்னை ஏஜென்டுக்கு போன் போட்டு ஆறடி அகல மெஷின் புக் பண்ணிவிட்டேன். நாலடி, ஐந்தடி எல்லாம் இருக்கிறதாம். நான் விடவில்லை. கப்பலில் ஒரு பெட்டி வருகிறது என்றால் நாலடிக்கும் ஆறடிக்கும் அலைச்சல் ஒன்றுதானே. மெயின்லேண்ட் சாமானை வரவழைக்கும்போது பெரிசாக வரவழைக்க வேண்டும், அதுதான் இந்தத் தீவில் எல்லோர் வழக்கமும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் அப்படி வந்ததுதான். சமையல்கட்டு வாசலில் நுழையாமல் ஒன்பது வருஷமாக ஹாலில் நிற்கிறது. விருந்தாளிகள் அதன் மேல்தான் சாய்ந்துகொள்கிறார்கள். எதிர்வீட்டு ஆள் படகுக்கு எஞ்சின் வாங்கினான், இப்போது எஞ்சினுக்கேற்ற படகு தேடிக்கொண்டிருக்கிறான்.

இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்கே நீ புல்லை முடித்துவிடுவாய். ஆறடி, மங்கை. ஒரு போக்கு போனால் ஆறடி.

அன்புள்ள அண்ணன்,
தேவேந்திரன்


திக்லிபூர்
18-9-2024

திரு. தேவேந்திரன் அவர்களுக்கு,

ஆறடியை உடனே நிறுத்துங்கள்.

நம் டிராக்டர் இருபத்தேழு குதிரை சக்தி. ஆறடி மெஷினைச் சுற்ற குறைந்தது நாற்பத்தைந்து வேண்டும் என்று கம்பெனிக்காரரே போனில் சொன்னார். (அவரோடு நான் பேசுகிறேன்.) அதன் எடையைப் பின்னால் மாட்டி லிஃப்டைத் தூக்கினால், நம் வண்டியின் முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்கும். ஸ்டீரிங்கைத் திருப்பி எனக்குப் பலன் இருக்காது.

நேற்று டேப் எடுத்துப் போய் அளந்தேன். பாக்கு வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒன்பதடி. இரண்டு பக்கமும் மரத்தின் பருமன், தண்ணீர்க் குழாய் எல்லாம் கழித்தால் ஏழடிதான் எனக்கு. அதில் ஆறடி மெஷினோடு திரும்பினால் ஏதாவது ஒரு மரத்தின் தோலை உரித்துவிட்டுத்தான் வருவேன். டிராக்டரின் பின்சக்கரங்கள் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு நாலடிக்கு இரண்டு விரல் குறைவு. மெஷின் அந்தத் தடத்தை மூடினால் போதும். மூடாவிட்டால் சக்கரம் மிதித்த புல் படுத்துக்கொள்ளும், நாம் தாண்டிப் போனதும் எழுந்து உட்காரும். ஆகவே நாலடி. ஒரு வரிசைக்கு இரண்டு போக்கு போனால் போகிறது, எனக்கு என்ன ரயிலா பிடிக்க வேண்டும்.

அடுத்தது, உருளையில் எது தொங்க வேண்டும் என்பது. மெல்லிய கத்தியும் இருக்கிறது, கனமான சுத்தியல் மாதிரித் துண்டும் இருக்கிறது. வெறும் புல் என்றால் கத்தி நன்றாக இருக்கும், எஞ்சினுக்கும் பளு குறைவு. இங்கே புல்லுக்குள் பாக்கு மட்டை, வேலியோரத் தென்னை மட்டை, கட்டை விரல் பருமனுக்குச் செடி எல்லாம் கிடக்கிறது. சுத்தியல்தான் வேண்டும். கூடவே பத்து உதிரிச் சுத்தியல், ஒரு பெல்ட்.

நண்டு பற்றி எழுதியதைப் படித்தேன். சிரிக்கவில்லை.

மங்கையர்க்கரசி


வண்டூர்
23-10-2024

அன்புத் தங்கச்சி மங்கைக்கு,

நாலடி வந்துவிட்டது. ஆறடியை நிறுத்தச் சொன்னபோது சென்னை ஏஜென்ட், "ஏன் சார், டிராக்டரை மாத்திட்டீங்களா?" என்றான். "இல்லை, தங்கச்சி அளந்துட்டா" என்றேன். உடனே நாலடி என்று மாற்றி எழுதிக்கொண்டான். அவனுக்கும் தங்கச்சி இருக்கும் போல.

நாளைக் காலை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். பாராடாங்கில் வண்டிகள் படகில் ஏறி அக்கரைக்குப் போக வரிசை நீளமாம், இரண்டு நாள் ஆனால் பதறாதே. மெஷினோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பராமரிப்புப் பக்கங்களை மட்டும் உனக்காகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை உருளையின் இரண்டு பக்க பேரிங்கிலும் கிரீஸ் அடிக்க வேண்டும். கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை விரற்கடைக்கு மேல் தணியக்கூடாது. முதல் நாள் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். இதையெல்லாம் எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. என் சர்வீஸில் நூற்றுக்கணக்கான கிரீஸ் கன் இஷ்யூ பண்ணியிருக்கிறேன். எந்தப் பக்கம் கிரீஸ் வரும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன், என் சட்டை அதற்குச் சாட்சி.

புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன், இது அனுபவம். உதிரி சாமான் என்பது இங்கே தங்கம். அடுத்த கப்பல் எப்போது வரும், அதில் உன் பெட்டி ஏறுமா என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் எங்கள் ஸ்டோரில் ஒரே சட்டம்தான்: உடைந்ததைக் காட்டு, புதிது வாங்கு, ஒன்றுக்கு ஒன்று. பத்து சுத்தியலையும் எடுத்து மாட்டிவிடாதே. ஒன்று உடைந்தால் ஒன்று மட்டும் மாட்டு, மீதியைப் பூட்டி வை.

வைஜெயந்தி, "நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா செஞ்சா அவளுக்கு நல்லதுன்னும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அண்ணன்,
தேவேந்திரன்


திக்லிபூர்
24-11-2024

அண்ணன் தேவேந்திரன் அவர்களுக்கு,

மெஷின் நன்றாக ஓடுகிறது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் ஈரப் புல்லில் இறங்கிவிட்டேன். பத்து நிமிஷத்தில் உள்ளே களி கிண்டியது மாதிரி அடைத்துக்கொண்டது. இப்போது பனி காய்ந்து ஒன்பது மணி ஆன பிறகுதான் எடுக்கிறேன். முந்தின நாள் சாயங்காலமே அடுத்த நாள் வரிசைகளில் நடந்து கல், கம்பி, விழுந்த தேங்காய் எல்லாம் பொறுக்கிவிடுகிறேன். ஒரு தேங்காயை விட்டுவிட்டேன். அது மெஷினுக்குள் போய் வந்த வேகத்தில் பிஸ்வாஸ் தாதாவின் வாத்துக்கூட்டம் மூன்று நாள் அந்தப் பக்கம் வரவில்லை. இடுப்பு உயரப் புல்லை ஒரே அடியில் தரையோடு இறக்கப் பார்த்தால் எஞ்சின் முனகுகிறது. முதலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு போக்கு, பிறகு இறக்கி ஒரு போக்கு. தரையில் இருந்து மூன்று விரல் விட்டுவிடுகிறேன், பாக்கு வேர் மேலாகத்தான் ஓடுகிறது.

வேலை முடிந்ததும் வண்டியை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உருளை நின்றதைப் பார்த்த பிறகுதான் குனிகிறேன். சுற்றியிருக்கும் கொடியையும் கயிற்றையும் அரிவாளால் அறுத்து எடுக்கிறேன். கடல் காற்று என்பதால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் அடித்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். பிஸ்வாஸ் தாதாவின் சம்சாரம் பாபி, "மாப்பிள்ளை வந்த வீடு மாதிரி கவனிக்கிறே" என்று ஹிந்தியில் கிண்டல் செய்கிறாள்.

இப்போது ஐந்தரை ஏக்கர் முடிந்திருக்கிறது. மழை பாதி நாளைத் தின்றுவிடுகிறது, சேற்றில் சக்கரம் இறங்குகிறது. இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும். தெற்கு எல்லைக்கல்லை இடித்து ஒரு சுத்தியல் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி ஒன்றுக்கு ஒன்றுதான் மாட்டினேன். மீதி ஒன்பதும் அரிசி டிரம்மில் பத்திரமாக இருக்கிறது.

வெட்டி முடித்த வரிசையில் புல் வாசனை நாள் பூராவும் நிற்கிறது. நேற்று அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

மங்கை


திக்லிபூர்
18-12-2024

அண்ணனுக்கு,

மெஷின் நின்றுவிட்டது. பத்து நாளாக ஒரு நடுக்கம் இருந்தது, சீட்டில் உட்கார்ந்தால் பல் ஆடும். இன்னும் இரண்டு சுத்தியல் மாற்றினேன், ஒன்றுக்கு ஒன்று. நடுக்கம் கூடியது. போல்ட் எல்லாம் முறுக்கிப் பார்த்தேன். இன்று காலை வலது பக்கம் கிறீச்சென்று சத்தம், தொட்டால் கை சுடுகிறது. பேரிங் போய்விட்டது.

மூன்று ஏக்கர் பாக்கி. பொங்கலுக்கு இருபத்தேழு நாள். போன வாரம் சுதாகர் சைக்கிளை வேலியோரம் நிறுத்தி, "என்னக்கா, சத்தமே காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை அது. மெஷினுக்கு லீவு என்று சொன்னேன். இனி வந்தால் என்ன சொல்வது.

பேரிங் மேல் இருந்த நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். போர்ட் பிளேரில் கிடைத்தால் பஸ்ஸில் அனுப்புங்கள்.

மங்கை


வண்டூர்
27-12-2024

அன்புத் தங்கச்சி மங்கைக்கு,

பேரிங்கை பஸ்ஸில் அனுப்பச் சொன்னாய். பேரிங்கோடு நானும் வந்து இறங்கியதும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். "வாங்க" என்று சொல்லவில்லை, சொம்பில் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வேலிக்கல் மேல் வைத்தாய். பரவாயில்லை, குடித்தேன்.

இரண்டு நாள் ஒன்றாக வேலை பார்த்தும் பேசமாட்டேன் என்ற சொல்லை நீ காப்பாற்றினாய். நான் உனக்கு இரண்டடி தூரத்தில் ஸ்பேனரோடு நிற்கிறேன். நீ பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து, "தாதா, இன்கோ போலோ, சத்ரா நம்பர்" என்கிறாய், பதினேழாம் நம்பர் ஸ்பேனரை என்னிடம் கேட்கச் சொல்லி. பிஸ்வாஸ் தாதா வாத்துக்குத் தீனி போடுவதை விட்டுவிட்டு ஓடி வந்து, "தேவ் பாபு, சத்ரா நம்பர் போல் ரஹி ஹை" என்று அதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார். நான் கொடுக்கிறேன், அவர் வாங்கி உன்னிடம் தருகிறார். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தேவ் பாபு, நான் செத்துப்போனா நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

இனி நான் சொல்ல வேண்டியது. பழைய சுத்தியலையும் புதுச் சுத்தியலையும் நீ பாக்குத் தராசில் வைத்தபோது என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதம் கல்லையும் மட்டையையும் அடித்துத் தேய்ந்தது ஒன்று, டிரம்மில் அரிசியோடு தூங்கியது ஒன்று. பார்த்தால் ஒரே சாமான், தராசில் பாக்குக் கொட்டை பத்து போட்டால்தான் சமமாகிறது. அப்படி மூன்றை ஒரே பக்கமாக மாட்டி அந்த வேகத்தில் சுற்றினால், உருளை ஒரு பக்கமாகத் துள்ளாமல் என்ன செய்யும். ஒன்றை மாற்றினால் நேர் எதிரே இருப்பதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். இது புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது. பத்தாம் பக்கத்தோடு நான் மொழிபெயர்ப்பை நிறுத்தியிருந்தேன், அன்று மத்தியானம் மீன் குழம்பு.

முப்பது வருஷம் ஒன்றுக்கு ஒன்று என்று இஷ்யூ பண்ணினேனே, எத்தனை மெஷின் எத்தனை பேரிங்கை இழந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். நல்லவேளை, ரிட்டயர் ஆகிவிட்டேன்.

அது சின்னத் தப்பு. பெரியது வேறு. கிளம்புகிற அன்று காலை பஜாருக்குப் போய் சவரம் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று தாதாவிடம் சொல்லச் சொல்லிப் போனேன் அல்லவா, சுதாகர் கடைக்குத்தான் போனேன். "தோட்டம் என் தங்கச்சியோடது, அதைப் பேச எனக்குப் பாத்தியதை கிடையாது, நான் சொன்னதை விட்டுரு" என்று சொல்லத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டில் இருந்து அவன் கடை வரைக்கும் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான், கூடவே பஜ்ஜி. "அண்ணே, பதினஞ்சாம் தேதி குத்தகைப் பேப்பரோட போறேன், சரிதானே?" என்றான். நான், மங்கை, தலையை ஆட்டினேன்.

சவரமும் பண்ணவில்லை. நீ கவனித்திருப்பாய்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. பக்கம் குறையாமல் எழுது.

அண்ணன்,
தேவேந்திரன்


திக்லிபூர்
17-1-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்ட நேரம் இல்லை, மூன்று ஏக்கர் இருந்தது.

நீங்கள் போன பிறகு டிரம்மில் இருந்ததை எல்லாம் எடுத்து, தராசில் ஜோடி ஜோடியாக எடை பார்த்து, எதிரும் புதிருமாக மாட்டினேன். நடுக்கம் போய்விட்டது. மடியில் தூக்குச்சட்டியில் டீயை வைத்துக்கொண்டு ஓட்டினாலும் சிந்தாது போல இருந்தது. பதிமூன்றாம் தேதி சாயங்காலம் கிழக்குச் சரிவில் கடைசி மூலையும் முடிந்தது. பிஸ்வாஸ் தாதாவும் பாபியும் வந்து நின்று பார்த்தார்கள். மறுநாள் பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பானைதான், இங்கேதான் வைத்தோம்.

பதினைந்தாம் தேதி பத்து மணிக்கு சுதாகர் பேப்பரோடு வந்தான். "வா, நடந்து பார்த்துட்டு வரலாம்" என்று கூட்டிப்போனேன். ரோட்டோரம் ஆரம்பித்து எல்லா வரிசைக்கும் அழைத்துப் போனேன், ஒன்று விடவில்லை. முதலில் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அடியெடுத்து வைத்தான், பாம்பு இருக்குமோ என்று. நாலாவது வரிசையில் சுருட்டியதை இறக்கிவிட்டான். கிழக்கு மூலைக்குத் தானாகவே முன்னால் போய் நின்று, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை.

"அப்ப கையெழுத்து?" என்றான், பேப்பரை வெளியே எடுக்காமலே.

"இந்தத் தோட்டத்தைப் பத்தி ஜபான் கொடுக்கிற ஆள் நான் ஒருத்திதான். எங்க அண்ணன் கொடுத்ததை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துரு" என்றேன். உங்களை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. நல்ல மனுஷர்தான், சாப்பிடும்போது மட்டும் எதுவும் கேட்கக் கூடாது என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தான். "எங்க தோட்டமும் இடுப்பு உசரம்தான் நிக்குதுக்கா. ஒரு நடை வருவீங்களா?" என்று கேட்டான். வரிசைக்கு நடுவே எத்தனை அடி என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஊர்க் கிணற்றையெல்லாம் அளக்கிற ஆள், தன் தோட்டத்தை அளந்ததில்லை. அளந்து சொல், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. பாதி. வருஷப் பிறப்புக்கு அண்ணியோடு வாருங்கள், மீதியை நேரில் வாயாலேயே சொல்கிறேன். பிஸ்வாஸ் தாதாவுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

சரிவின் மேல் நின்றால் இப்போது கீழே ஓடை தெரிகிறது. கல்யாணமாகி வந்ததில் இருந்து அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், இங்கிருந்து தண்ணீரைப் பார்த்ததில்லை. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்த வரிக்கு நடுவில் ஒரு பாக்கு விழுந்தது. நான் எழுந்து போகவில்லை. மூன்றாவது வரிசை, இரண்டாவது மரத்தடியில், சிவப்பாகக் கிடக்கிறது.

மங்கை